ஜீரோவின் லாக் புக்

எங்கள் அண்ணனுக்கு அலுவலகத்தில் ‘ஜீரோ’ என்று பேர். கேலிப் பேர் இல்லை. ஐந்து வருஷம் சரக்குக் கப்பலில் தலைமை இன்ஜினியராக இருந்தார். அவருடைய லாக் புக்கில் கோளாறு என்ற கட்டத்தில் ஒரு பதிவுகூடக் கிடையாது. அந்த ஜீரோவைப் பார்த்துத்தான் இந்தக் கப்பல் வடிவமைப்பு அலுவலகத்தில் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

இப்போது வரைவது ஆளே இல்லாமல் ஓடும் கப்பல். நான் மின்சாரப் பிரிவு. இரண்டு ஜெனரேட்டர், பேட்டரி, இரண்டு மோட்டார் கேட்டேன். ஒன்று படுத்தால் இன்னொன்று இழுத்துக்கொண்டு போகும். மேனேஜருக்கோ ஒரே பெரிய டீசல் இன்ஜின்தான் வேண்டும். இன்று பதினொரு மணிக்கு முடிவு.

“உங்க அண்ணன் ஓட்டுன அதே இன்ஜின்தாம்மா. அஞ்சு வருஷம், ஜீரோ. இதுக்கு மேல என்ன வேணும்?” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லீவில் வந்தபோதெல்லாம் சாப்பாட்டு மேசையில் அண்ணன் அடித்த பெருமையைக் கேட்டவள் நான். ஃபில்டர் அடைக்கும், குழாய் கசியும். ஓடிப்போய்ப் பத்து நிமிஷத்தில் சரி பண்ணிவிடுவாராம். இன்ஜின்தான் நிற்கவில்லையே, எதற்கு எழுதுவது? கப்பல் இன்ஜினியர்களின் வீம்பு அது. ஆளில்லாத கப்பலில் எவன் ஓடுவான்? துறைமுக வாயிலில் அது படுத்தால், எதிரே வரும் படகில் இருப்பவர்கள் மனுஷர்கள்தானே?

நான் வாயைத் திறந்தால் அண்ணன் பிழைப்பு போச்சு. பயமாக இருந்தது. ஒரே இன்ஜினுக்குச் சம்மதம் என்ற கையெழுத்துத் தாள், பொறுப்பாளரான அண்ணன் முன்னால் கிடந்தது. பேனாவைத் திறந்தார், மூடினார், திறந்தார். போட்டுத் தொலைத்துவிடுவார் என்றே நினைத்தேன்.

“அந்த ஜீரோ பொய் சார்,” என்றார் அண்ணன்.

மேனேஜர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. பையிலிருந்து கறை படிந்த சின்ன நோட்டு ஒன்றை எடுத்து வைத்தார்.

“எனக்காகத் தனியா எழுதி வச்சது. நூத்திப் பதினேழு தடவை. நான் ஓடலேன்னா அத்தனை தடவையும் நின்னிருக்கும்.”

“லாக் புக்ல மறைச்சிருக்கீங்க. சொன்னா என்ன ஆகும்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?”

“தெரிஞ்சுதான்.”

சாயங்காலத்துக்குள் இரண்டு ஜெனரேட்டர் முடிவானது. வரைபடத்தில் பொறுப்பாளர் கட்டத்தில் அவர் பெயரை அடித்தார்கள். அங்கே என் பெயர் வர வேண்டும். நான் பேனாவை எடுக்கவில்லை.

“எழுதும்மா,” என்று பேனாவை நீட்டினார் அண்ணன்.