சாமிக்கென்று பறித்த புளூபெல்

புளூபெல் என்ற நீலப்பூவைப் பார்க்கத்தான் போன செப்டெம்பர் கடைசிச் சனிக்கிழமை டண்டினோங் மலையில் இருக்கும் பூந்தோட்டத்துக்குப் போனோம். இந்த நாட்டில் அப்போதுதான் வசந்தம்; ஓக், பீச் மரங்கள் இலை விடுமுன், வெயில் நிலத்தில் விழும் இரண்டு மூன்று கிழமைதான் அது மரத்தடி முழுக்கப் பூக்கும். ஊரே ஃபுட்டி என்ற இந்த நாட்டு உதைபந்தின் இறுதிப்போட்டிக்குக் காத்திருந்த நாள், ரோட்டில் சனமில்லை. கிளென் வேவர்லி வீட்டிலிருந்து காலை எட்டரைக்கு வெளிக்கிட்டு, முப்பது கிலோமீற்றர் ஓடி, ஒன்பதே காலுக்குச் சேர்ந்தோம். கார் நிறுத்த ஆறு டாலர், தோட்டத்துக்குள் போகக் காசில்லை. நானும், மல்கிரேவில் இருக்கும் என் அக்காவும்.

மரங்களில் ஓர் இலையும் இல்லை. கீழே மட்டும் கடல் மலையேறி வந்து படுத்த மாதிரி நீலம். அதற்கு மேல் எனக்குச் சொல் வராது.

பார்த்து முடிக்கவில்லை, அக்கா ஒரு கடைப் பையை விரித்துக்கொண்டு பூவை மிதிக்காமல் கட்டியிருந்த கயிற்றுக்குக் கீழால் குனிந்து உள்ளே போய்விட்டாள்.

"அக்கா, என்ன செய்யிறாய்?"

"சாமிக்கு நாலு பூ. பேசாமல் நில்லடா."

"நாலோ? பைக்குள்ள நாப்பது கிடக்கு."

"சாமிக்குப் பிடுங்கினால் களவில்லை."

ஊரில் விடியற்காலை அடுத்த வீட்டு வேலியால் எட்டிப் பறித்த கை அது. பாஸ்போட்டில் சீல் குத்தினவன் கையைச் சோதிக்காமல் விட்டுவிட்டான்.

தோட்டத்தைப் பராமரிக்கும் வெள்ளைக்கார அம்மா ஒருவர் வந்தார். சத்தம் போடவில்லை. பூ போனால் போகட்டும், நீங்கள் நிற்பது இலையில் என்றார். இலை நசிந்தால் கிழங்குக்குச் சாப்பாடில்லை, அடுத்த வருசம் அந்த இடம் பூக்காதாம். அக்கா பல்லெல்லாம் தெரிய, "சொறி, ஃபோர் காட்" என்றாள். கடவுளோடு அந்த மனுசி என்னத்தை வாதாடும்? அவர் முழங்காலில் இருந்து நசிந்த இலைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தார். ஒன்றும் நிற்கவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அக்காவை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும்.

பதினொன்றரைக்குக் கோயில். பூவெல்லாம் வாடிப் பிசுபிசுத்துப் போயிருந்தது. ஐயர் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"கீரையோ அக்கா? மடப்பள்ளியில குடுங்கோ."

பூப் பார்க்கப் போகிறவர்கள் பத்து மணிக்கு முன் போங்கள், மேலே குளிரும், ஜக்கெட் வேண்டும். கயிற்றுக்கு வெளியே நின்று கும்பிடுங்கள், சாமிக்கு அங்கேயிருந்தும் கண் தெரியும். பெரிய ஓக் மரத்தடியில் ஒரு பாய் அகலத்துக்குப் பூவில்லாமல் கிடந்தால் தோட்டக்காரரைக் குறை சொல்லாதீர்கள். அது எங்கள் குடும்பம் செய்த வேலை.