முத்துராமனின் கட்டைவிரல்

டம்ளரைக் கையில் கொடுத்தால் முத்துராமன் முதலில் அதைத் தூக்கி அடிப்பக்கம் பார்ப்பார். உள்ளே காபி இருப்பது அவருக்கு ஒரு தடையே அல்ல. தலைக்கு மேலே உயர்த்தி, கழுத்தை வளைத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் படித்துவிடுவார். "மெட்ராஸ் சரக்கு. சீல் கோணையா விழுந்திருக்கு" என்று சொன்ன பிறகுதான் முதல் வாய். ஸ்பானர், சாப்பாட்டுத் தட்டு, பிள்ளைகளின் செருப்பு, எதுவும் அவரிடமிருந்து தப்புவதில்லை. பொருள் மனசுக்குப் பிடித்துவிட்டால் வலது கட்டைவிரலை அதன்மேல் வைத்து ஓர் அழுத்து அழுத்துவார். பாஸ் செய்துவிட்டார் என்று அர்த்தம். மனைவி வார்க்கும் தோசைக்கும் அந்த அழுத்து உண்டு. தினமும் கிடையாது.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவும் டம்ளருக்கு அடியிலதான் பாத்தாரு. என்னை எங்க பாத்தாரு?" என்பார் ஷியாமளா.

"பாத்தேனே. மார்க் ஒண்ணும் இல்ல. நம்பித்தான் எடுத்துக்கிட்டேன்."

அபுதாபியைச் சேர்ந்த அல் ஐனில் தண்ணீர்த் துறையின் ஸ்டோரில் அவருக்கு வேலை. வந்து இறங்கும் வால்வுகளையும் மோட்டார்களையும் சரிபார்த்து எடுத்து வைக்க வேண்டும். சட்டைப் பையில் ஒரு லென்ஸும் சாக்குக் கட்டியும் எப்போதும் இருக்கும். இதற்கு முன்னால் திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையில் பரிசோதகராக இருந்தார். அங்கே ஒவ்வொரு பரிசோதகருக்கும் சொந்தமாக ஒரு சின்ன எஃகு முத்திரை உண்டு. வேலையை விடும்போது அதைத் திருப்பித் தர வேண்டும். "முத்திரையை வாங்கிக்கிட்டான். விரலைக் கேக்கல" என்பார்.

அவரைப் பெரிய அறிவாளி என்று சொல்லிவிட முடியாது. உலக விஷயம் பேச உட்கார்ந்தால் சீக்கிரமே அலுத்துவிடும். எதையும் யாரோ ஒருவர் சோதித்து முத்திரை போட்டிருக்க வேண்டும் என்பதே அவருடைய வேதாந்தம். முத்திரை இல்லாத பொருளை அவர் அநாதையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

சென்ற குளிர்காலத்தில் அவரிடம் ஒரு துப்பாக்கி வந்தது. அவரும் நானும் அடுத்தடுத்துக் குடியிருக்கும் இரு வீட்டுக்கும் சொந்தக்காரர் அபூ ஹானி. பேரீச்சைத் தோட்டமும் சில ஒட்டகங்களும் வைத்திருக்கும் வயோதிகர். கடைசி மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். இந்த ஊர்க் கல்யாணத்தில் வானத்தை நோக்கிச் சுடுவது வழக்கம். சுவரில் வெகுகாலமாகத் தொங்கிக்கொண்டிருந்த தன் தகப்பனாரின் துப்பாக்கியால்தான் சுடுவேன் என்று கிழவர் பிடிவாதமாக இருந்தார். மகன்கள் எல்லாரும் புதுத் துப்பாக்கி வாங்கிவிட்டவர்கள். பழசு முகத்திலேயே வெடிக்கும் என்று அவர்கள் பயந்தார்கள். கடைசியில், துப்பாக்கித் தொழிற்சாலையில் இருந்த இந்த ஹிந்தி, அதாவது இந்தியாக்காரன், என்ன சொல்கிறானோ அதன்படி நடப்போம் என்று இரு தரப்பும் ஒத்துக்கொண்டன.

துணைக்கு என்னையும் அழைத்துப் போனார். விருந்தாளிகளை உட்கார வைக்கும் மஜ்லிஸில் காவா என்கிற அரபுக் காபி கொடுத்தார்கள். முத்துராமன் கிண்ணத்தைத் தூக்கி அடியைப் பார்த்தார். "ஜப்பான்." இங்கே போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்ட வேண்டும். இவர் ஆட்டாமல் குடிப்பதும் அடியைப் பார்ப்பதுமாக இருந்ததால், ஊற்றுகிறவர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

பிறகு துப்பாக்கியை மடியில் போட்டு லென்ஸை எடுத்தார். இரும்பில் ஒரு கிரீடம், அதன் கீழே எழுத்துகள், வருஷம். "இஷாப்பூர் சார்! கல்கத்தா பக்கம். நான் டிரெயினிங் போன ஊரு. நம்ம ஆளு இவன்." குழாயில் குறுக்காக வைத்த இரண்டு கொடிகள். சுட்டுச் சோதித்து எடுத்ததற்கு அடையாளம். ஒன்றையொன்று முனையால் முட்டிக்கொண்டிருக்கும் இரண்டு அம்புகள். "ராணுவம் வேண்டாம்னு வித்துட்டான்." ஊர் பேர் விசாரிப்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தவர், தோளில் பதியும் பின்கட்டை மரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

மரத்தில் ஒரு வட்டம். அதை வெட்டிக்கொண்டு சாய்வாக ஒரு கோடு.

திருச்சியில் கழித்துக்கட்டிய உருப்படிகளின்மேல் சிவப்புப் பெயிண்டில் போடும் குறி அது. முத்துராமனின் முகம் மாறியது. துப்பாக்கியை லாரி டயரில் கட்டி, தூரத்திலிருந்து கயிற்றை இழுத்து ஒரு முறை சுட்டுப் பார்க்கலாம் என்றார். அபூ ஹானி முழுவதையும் கேட்டார். தன் தகப்பனாரின் துப்பாக்கி கட்டிப்போடுவதற்கு நாய் அல்ல என்று அமைதியாகச் சொல்லிவிட்டார்.

அப்புறம் பல நாள் முத்துராமன் தோசையைப் புரட்டிப் பார்க்கவில்லை. சாக்குக் கட்டியால் தரையில் வட்டம் போட்டு, கோடு கிழித்து, அதையே பார்த்துக்கொண்டிருப்பார். "ரிஜெக்ட்னா பெயிண்ட்ல போடுவான். இதை எவன் சார் பழுக்கக் காய்ச்சிச் சுட்டிருக்கான்? மரம் கருகியிருந்துச்சே, பாத்தீங்கள்ல? அவ்வளவு கோபமா ஒரு இன்ஸ்பெக்டருக்கு?"

"தெரியலைன்னா சுட வேண்டாம்னு சொல்லிடுங்களேன்" என்றார் ஷியாமளா.

"தெரியலைங்கறது வேற. கூடாதுங்கறது வேற. அந்த மனுஷனுக்குக் கடைசிப் பையன் கல்யாணம்."

ஆனாலும் கல்யாணத்துக்கு முந்தின நாள், கூடாது என்று சொல்லிவிடத்தான் கிளம்பினார். நானும் கூடப் போனேன். முற்றத்தில் ஒரு பெண் ஒட்டகம் அசை போட்டபடி படுத்திருந்தது. முத்துராமன் அதைத் தாண்டி நடந்தார். திரும்பி வந்தார். அதன் கழுத்தருகே குந்தி உட்கார்ந்து லென்ஸை எடுத்தார்.

கிழவரின் மனைவி உம்மு ஹானி வாசலில் நின்று இதைப் பார்த்துவிட்டார். இந்த ஊர்ப் பெண்கள் அணியும் முகமூடிக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது. ஒட்டகத்தையும் எந்தக் கம்பெனி செய்தது என்று பார்க்கிறானா என்று அரபியும் இந்தியும் கலந்து கேட்டார்.

கழுத்தில் அதே வட்டம், அதே சாய்ந்த கோடு. தங்கள் குடும்பத்து ஒட்டகம் எங்கே மேய்ந்தாலும் தெரிய வேண்டும் என்று மாமனார் காலத்திலிருந்து போடும் சூடு என்றார் உம்மு ஹானி. துப்பாக்கி வாங்கி வந்த அன்றே மாமனார் அதே இரும்பைக் காய்ச்சி அதற்கும் ஒன்று வைத்தாராம். இதை முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, நீங்கள் கேட்கவில்லையே என்றார்.

உண்மைதான். இரும்பைக் கேட்டார், மரத்தைக் கேட்டார். வீட்டு மனிதர்களைக் கேட்கவில்லை. 'என்னுடையது' என்று சொல்வதற்கு மட்டும் ஒருவன் குறி போடலாம் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை.

"ஐயோ, ஒட்டகச் சூடு சார்" என்றார், வெட்கமும் சந்தோஷமுமாக. எண்ணெயும் துணியும் கேட்டு வாங்கிக் குழாயைத் துடைத்தார். பின்னால் வெள்ளைக் காகிதத்தைப் பிடித்து உள்ளே பார்த்தார். தோட்டா போடும் வாயை அடைக்கிற பூட்டைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்தார். அளவுக்கருவி எதுவும் கையில் இல்லை. கடைசியில் கிழவரிடம் "சுடலாம்" என்று தமிழிலேயே சொன்னார். அபூ ஹானிக்குப் புரிந்தது. கட்டைவிரல் மட்டும் அசையவில்லை.

"முத்திரை?" என்றேன்.

"சுட்ட அப்புறம்தான் சார் முத்திரை. அதுதான் முறை."

மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து, கம்பு ஏந்தி ஆடுகிறவர்கள் வரிசை கட்டினார்கள். எங்களையெல்லாம் லேண்ட்ரோவருக்குப் பின்னால் நிற்கச் சொன்னார் முத்துராமன். மகன்களையும் தள்ளி நிற்க வைத்தார். கிழவர் தனியே நடந்து போய்த் தோட்டாவைப் போட்டார்.

ஷியாமளா சுற்றுமுற்றும் பார்த்தார். "இவரு எங்க?"

அவர் கிழவரின் வலது தோளுக்குப் பக்கத்தில், வெடித்தால் முதலில் சிதறும் பூட்டு இருக்கும் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கிழவர் திரும்பிப் பார்த்தார். போகச் சொல்லிக் கையை அசைத்தார். முத்துராமன் நகரவில்லை. துப்பாக்கி உயர்ந்தது.

சத்தம் மலைவரை போய்த் திரும்பி வந்தது. ஒட்டகங்கள் எழுந்து நின்றன. புகை கலைந்தபோது இருவரும் அப்படியே நின்றார்கள்.

அபூ ஹானி துப்பாக்கியை அவர் பக்கம் நீட்டினார். முத்துராமன் லென்ஸைத் தேடவில்லை. ஒட்டகச் சூட்டுக்குப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்து, நகம் வெளுக்கும்வரை அழுத்தினார்.