யார் வீட்டு டீ?

உள்ளே கால் வைத்ததும் என் செருப்புச் சத்தம் காணாமல் போய்விட்டது... அப்படி ஒரு கம்பளம். ஏதோ மூலையில் பியானோ. டீ வாசனையும் வெண்ணெய் வாசனையும் கலந்து வந்தன. நிமிர்ந்து பார்த்தால், ஊரில் எங்கள் நெற்களத்தையே மூடுகிற அகலத்துக்குக் கண்ணாடி விளக்குக் கொத்து. வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

சென்னையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் அது. பெரிய ஹோட்டல் ஒன்றின் டீ லவுஞ்ச். சாயங்காலம் டீ குடிக்கவென்றே தனியாக ஒரு கூடம் கட்டியிருக்கிறார்கள் என்று எங்கள் ஊர் நன்னிலத்தில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

என் பக்கத்தில் அப்பா. உள்ளே மேஜையில் பெரியப்பாவும் அவர் மகள் கலை அக்காவும். பெரியப்பா வந்திருப்பது அப்பாவுக்குத் தெரியாது. அப்பா வரப்போவது பெரியப்பாவுக்கும் தெரியாது.

அண்ணனும் தம்பியும் பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. குறுவைச் சாகுபடிக்குத் தண்ணீர் வந்த சமயம், யார் முறையில் யார் மடையைத் திறந்தது என்று வாய்க்கால் கரையில் ஆரம்பித்த சண்டை.

"இனிமே உங்க வீட்ல பச்சத் தண்ணி என் பல்லுல படாது" என்று தெருவே கேட்கச் சொன்னார் அப்பா.

"எனக்கும் அப்படித்தான்டா" என்றார் பெரியப்பா.

எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவ்வளவுதான். அதற்கப்புறம் எந்த விசேஷத்திலும் ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைக்கவில்லை.

இப்போது கலை அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மயிலாடுதுறையில் மண்டபம். அப்பா வருவார், ஊருக்காக. தாலி ஏறியதும் பந்தியில் உட்காராமல் செருப்பைத் தேடுவார். "சித்தப்பா சாப்புடாம போன கல்யாணம்னு காலத்துக்கும் பேசுவாங்கடி" என்று அக்கா என்னிடம் அழுதாள்.

நாங்கள் இருவரும் சென்னையில் ஒரே அறையில் தங்கியிருந்ததே இரண்டு வீட்டுக்கும் தெரியாது! அப்பா கண் பரிசோதனைக்கும், பெரியப்பா பத்திரிகை வைக்கவும் ஒரே நாளில் வந்து இறங்கினார்கள்... விடுவோமா?

மேஜையை நெருங்கியதும் அப்பா அண்ணனைப் பார்த்தார். அப்படியே திரும்பினார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். சுற்றிலும் எல்லாரும் ரகசியம் பேசுவது போலப் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த இடத்தில் உதறிவிட்டுப் போக அவருக்கே கூச்சமாக இருந்திருக்க வேண்டும். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

மூன்று அடுக்குத் தட்டு வந்தது. கீழே ஓரம் வெட்டிய குட்டிக் குட்டி சாண்ட்விச், நடுவில் ஸ்கோன் என்கிற குட்டி பன், மேலே கொட்டைப்பாக்கு அளவில் கேக். வெள்ளைக் கையுறை போட்ட பெரியவர் ஒருவர், அபிஷேகப் பாலைக் கொண்டுவருகிற பக்தியோடு இரண்டு பீங்கான் கூஜாக்களைக் கொண்டுவந்து வைத்தார்.

"மூணு நிமிஷம் ஊறட்டும் சார். அப்புறம் ஊத்திக்குங்க."

எனக்கும் அக்காவுக்கும் ஒரு கூஜா. அவர்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே கூஜா!

"கூப்புட்டது யாரு? நீயா, அவளா?" என்றார் அப்பா என்னிடம்.

நான் என்றால் அது அப்பா வீட்டு டீ, பெரியப்பா தொட மாட்டார். அக்கா என்றால் அப்பா தொட மாட்டார். "ரெண்டு பேருந்தாம்ப்பா" என்றேன். அது இன்னும் மோசம். இருவருமே கையைக் கட்டிக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து பெரியப்பா அந்தக் கையுறைப் பெரியவரைக் கூப்பிட்டார். "ஏங்க, இந்த எடம் யாரோடதுங்க?"

அவர் அசரவே இல்லை. "கம்பெனியோடதுங்க சார்."

"தனி ஆளு யாரும் இல்லியா?"

"இல்லீங்க. ஏகப்பட்ட பேருக்குப் பங்கு இருக்குங்க."

பெரியப்பா யோசித்தார். பிறகு மேஜைத் துணியைப் பார்த்துச் சொன்னார், "அப்ப இது யார் வீடும் இல்ல."

அப்பாவும் மேஜைத் துணிக்கே பதில் சொன்னார். "சத்திரம் மாதிரிதான்."

அப்பா கூஜாவைத் தூக்கினார். முதலில் அண்ணன் கோப்பையில் ஊற்றினார், ஒரு சொட்டு சிந்தாமல். பால் சேர்த்தார். பெரியப்பா சர்க்கரைக் கட்டிக்குக் கை நீட்டினார். அப்பா அந்தக் கிண்ணத்தை எடுத்து எங்கள் பக்கம் தள்ளி வைத்தார்.

"உங்களுக்குத்தான் இது ஆகாதே."

பெரியப்பாவின் கை அப்படியே நின்றது. "உனக்கு யாருடா சொன்னா?"

"காலைல ஒரு மாத்திரை, ராத்திரி ரெண்டு. போன தை மாசம் கால் புண்ணு ஆறாம திருவாரூர் ஆஸ்பத்திரில எட்டு நாளு கெடந்தீங்க." அப்பா தலையை நிமிர்த்தவே இல்லை. "எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

அத்தனை பெரிய கூடமும் அந்த நிமிஷம் எனக்குச் சின்னதாகிவிட்டது. ஒன்பது வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத மனிதர், அண்ணன் விழுங்குகிற மாத்திரையைக்கூட எண்ணி வைத்திருக்கிறார்!

பெரியப்பா கூஜாவை எடுத்து அப்பா கோப்பையில் ஊற்றினார். "ஆறிடப் போவுது. குடி."

அப்பா குடித்தார். கலை அக்கா துணி நாப்கினில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவள் பங்கு கேக்கையும் நானே சாப்பிட்டேன்.

கல்யாணத்தில் முதல் பந்தியில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, ரசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கினார் அப்பா. இன்று இருவரும் இல்லை.

எனக்கும் என் தம்பிக்கும் மடைச் சண்டையெல்லாம் கிடையாது. மடையே கிடையாது, அவன் பெங்களூரில் பதினோராவது மாடியில் இருக்கிறான். தினமும் காலையில் பூப்படம் போட்டு குட் மார்னிங் அனுப்பிக்கொள்கிறோம். போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு மேஜையில், கிழமை வாரியாகக் கட்டம் போட்ட மாத்திரை டப்பா ஒன்று இருந்தது.

"யாருக்குடா இது?"

"எனக்குத்தான்க்கா. ரெண்டு வருஷமா சாப்புடுறேனே..." என்றவன் என்னையே பார்த்தான். "உனக்குத் தெரியாதா?"