வெள்ளிமலை பேனரில் ஒரு வரி

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் கிடையாது, எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அப்படித்தான். சின்ன வயதில் அப்பாவோடு வெள்ளிமலையிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் பஸ்ஸில் மலையிறங்கும்போது, அடிவாரத்து வனத்துறை செக்போஸ்ட் வருவதற்கு முன்பே அவர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்வார். எங்கள் பையில் எங்கள் கொல்லையில் விளைந்த சாமையும் மாற்றுத்துணியும் தவிர வேறெதுவும் இருக்காது. காக்கிச்சட்டைக்காரர் ஏறி, ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போவார். பஸ் நகர்ந்த பிறகுதான் அப்பா பொத்தானைக் கழற்றுவார்.

"நம்மகிட்ட ஒன்னுமே இல்லியே, எதுக்குப்பா பயப்படுற?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஒன்னும் இல்லன்னு நமக்குத் தெரியும். அவருக்குத் தெரிய வேணாமா?" என்றார்.

அரசு உதவித்தொகையில் மண்ணியல் படிக்க அமெரிக்கா போனபோது இந்தப் பயமும் கூடவே வந்தது. பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கென்று ஓர் அலுவலகம் உண்டு. அங்கிருந்த ஆலோசகர் அம்மாள் முதல் நாளே எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: விசா வேறு, ஸ்டேட்டஸ் வேறு. விசா உள்ளே வருவதற்கு. உள்ளே வந்த பிறகு மாணவியாகவே இருக்கிறாய் என்று கடைசி நாள் வரைக்கும் காட்டிக்கொண்டே இருப்பதற்குப் பெயர்தான் ஸ்டேட்டஸ். பக்கத்தில் இருந்தவர்கள் காப்பி குடித்துக்கொண்டே கேட்டார்கள். நான் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டேன்.

அன்றிலிருந்து நான் அந்த அலுவலகத்துக்கு நடந்தே வழி தேய்த்தேன். அறை மாறினால் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே புது முகவரியை எழுதிப் போட்டேன். ஒரு பருவத்தில் டைபாய்டு வந்து படுத்தபோது ஒரு பாடத்தை விட்டுவிடலாம் என்றார்கள் தோழிகள். பாடம் குறைந்தால் முழுநேர மாணவி என்ற கணக்கு போய்விடும். முதலில் டாக்டர் கடிதத்தோடு போய் அனுமதி வாங்கினேன், பிறகுதான் விட்டேன். அனுமதி பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று முதலில் பாடத்தை விட்டவள் ஒருத்தி அங்கே இருந்தாள். அடுத்த பருவம் அவள் இல்லை.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் பயத்தைவிடத் துக்கம் பெரிதாக இருந்தது. அந்த அமெரிக்க ஊரில் இருந்த தமிழ்க்காரர் ஒருவர் சின்னதாக ஓட்டல் நடத்தினார். "சனி, ஞாயிறு வந்து வெங்காயம் உரிச்சுக் குடும்மா, சாம்பார் சோறு போடுறோம்" என்று அவர் மனைவி பாசமாகக் கூப்பிட்டார். எங்கள் மலையில் ஒருவர் கொல்லையில் இன்னொருவர் போய்க் களை எடுத்துவிட்டு அங்கேயே களி சாப்பிட்டு வருவார். மறுவாரம் அவர் இங்கே வருவார். அதை யாரும் வேலை என்று சொன்னதே இல்லை. ஆனால் ஆலோசகர் அம்மாளைக் கேட்டபோது, சோற்றுக்குச் செய்தாலும் அது கூலிதான், வளாகத்துக்கு வெளியே அனுமதி இல்லாமல் செய்தால் ஸ்டேட்டஸ் போய்விடும் என்றார். அந்த அக்காவிடம் வரமுடியாது என்று சொன்னேன். திமிர் பிடித்தவள் என்று நினைத்திருப்பார். அதற்குப் பிறகு அந்தத் தெரு வழியாக நான் போகவே இல்லை.

இப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்ததற்குத்தான் என் மாமா பேனர் கட்டினார்.

அம்மாவுக்குக் கள்ளக்குறிச்சியில் கர்ப்பப்பை ஆபரேஷன். விடுமுறை என்பதால் கிளம்பி வந்தேன். பல்கலைக்கழகம் தரும் ஐ-20 என்ற மாணவர் சான்றுத் தாளில் பயணத்துக்கான கையெழுத்தை வாங்கியாயிற்று. ஆனால் பாஸ்போர்ட்டில் இருந்த விசா முடிந்திருந்தது. உள்ளே இருக்கும்வரை அது பரவாயில்லை, வெளியே வந்துவிட்டால் சென்னையில் மறுபடி நேர்காணலுக்குப் போய் வாங்கினால்தான் திரும்ப முடியும். படிப்பு முக்கால்வாசி முடிந்து நிற்கிறது. விசா இல்லை என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான். இதில் இன்னொன்று, விண்ணப்பிப்பவர்கள் தங்கள் ஃபேஸ்புக் முதலான எல்லாவற்றையும் பூட்டில்லாமல் திறந்துவைக்க வேண்டும், அதிகாரிகள் பார்ப்பார்கள். திறந்துவைத்தேன். என் பக்கத்தில் என்ன இருக்கிறது, சோளக்கொல்லைப் படமும் பூனைப் படமும்தானே என்று இருந்துவிட்டேன்.

அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்கெனவே மலைக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். நான் பஸ்ஸில் போனேன். கரியாலூர் தாண்டும்வரை தூக்கம். வெள்ளிமலை நிறுத்தத்தில் இறங்கி நிமிர்ந்தால், மூங்கில் கட்டி நிற்கிறது என் முகம். மாமாவின் புதுமனை புகுவிழா பேனர். அம்மாவின் அண்ணன் அவர், ஜீப் ஓட்டுகிறார், வாழ்நாள் ஆசையாகத் தளம் போட்ட வீடு கட்டியிருந்தார். பேனரில் வீட்டைவிட நான்தான் பெரிதாக இருந்தேன். எனக்குக் கூலிங் கிளாஸ் மாட்டிவிட்டிருந்தார்கள். பின்னால் விமானம், சுதந்திரதேவி சிலை. கீழே கொட்டை எழுத்தில், "அமெரிக்காவில் நிரந்தரமாகக் குடியேறி மலைக்குப் பெருமை சேர்த்த எங்கள் வீட்டு மகளே வருக வருக."

முதலில் சிரிப்புதான் வந்தது. வீட்டுக்கு நடக்கும்போது போன் ஒலித்தது. மாமா அந்தப் பேனரைப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டு என் பெயரையும் இணைத்திருந்தார். நான் பூட்டைத் திறந்துவைத்திருந்த என் பக்கத்தில் அது போய் உட்கார்ந்துகொண்டது. மாணவர் விசா கேட்கிறவர்களிடம் அதிகாரி தெரிந்துகொள்ள விரும்புவது முக்கியமாக ஒன்றைத்தான்: படித்து முடித்ததும் திரும்பிப் போவாயா, அங்கேயே தங்கிவிடுவாயா? அதற்கு என் சார்பில் மாமா பதில் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டுக்குப் போகாமல் நேராக மாமாவின் புது வீட்டுக்கு நடந்தேன்.

மாமா வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே கட்டிலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது என் கட்டில். புது வீட்டுக்கு இருக்கட்டும் என்று கொடுத்துவிட்டார்களாம்.

"இன்னா பாப்பா, பேனரப் பாத்தியா? ஜோரா கீது இல்ல?" என்றார் மாமா.

"நான் குடியேறிட்டேன்னு உங்களுக்கு யார் மாமா சொன்னது?"

"யாரும் சொல்லல. ஃப்ளெக்ஸ் கடையில வெளிநாட்டுக்காரங்களுக்குன்னு வாசகம் ரெடியா வச்சிக்கினு இருக்காங்க. இருக்கறதுலயே பெருமையான வாசகமா போடுன்னேன்."

நான் விஷயத்தைச் சொன்னேன். திரும்பி வருவேன் என்று சொன்னால்தான் விசா, தங்கிவிடுவேன் என்று தெரிந்தால் கிடையாது. மாமா நம்பவில்லை. "அந்த ஆபீசரு வெள்ளிமலைக்கு வந்தா பாக்கப் போறாரு?"

"வர வேணாம் மாமா. உக்காந்த எடத்துலயே பாப்பாரு. அதை அவுத்துடுங்க."

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. அம்மாதான் குரல் கொடுத்தாள். "பால் காய்ச்சறதுக்கு முன்னால கட்டுனத அவுக்கக் கூடாதும்மா. வூடு நெலைக்காதுன்னு சொல்லுவாங்க."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "உங்க வூடு நெலைக்கட்டும், என் படிப்பு நாசமாப் போவட்டும்" என்று கத்தினேன். ஆபரேஷன் செய்த அம்மா எதிரில் இருக்கிறாள் என்றுகூடப் பார்க்கவில்லை. பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்த அப்பா கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார்.

மாமா கோபப்படவில்லை. நிஜமாகவே தெரியாத ஒன்றைக் கேட்கிறவராகக் கேட்டார்:

"அப்ப நீ திரும்பி வரவா போற?"

கேலி இல்லை அதில். ஆச்சரியம்தான். அப்பாவும் அம்மாவும் என் வாயைப் பார்த்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என்னை இவர்கள் எப்போதோ அனுப்பிவைத்துவிட்டார்கள். இனி வரமாட்டாள் என்று அவரவர் தனியாக அழுது முடித்து, அதைப் பெருமையாகவும் மாற்றிக்கொண்டு, கட்டிலையும் கொடுத்துவிட்டார்கள். என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"ஆமா மாமா" என்றேன். குரல் பாதிதான் வந்தது.

மறுநாள் காலையில் மாமா ஜீப்பை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனார். பந்தல் வேலையெல்லாம் அப்படியே நின்றது. மத்தியானம் நீளமாகச் சுருட்டிய ஃப்ளெக்ஸ் துண்டோடு வந்து, அவரே மூங்கிலில் ஏறி ஒட்டினார். அவிழ்க்கக்கூடாதே தவிர, மேலே ஒட்டக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையாம். சிவப்புப் பேனரில் மஞ்சள் துண்டு: "படிப்பை முடித்து விரைவில் ஊர் திரும்பவிருக்கும்." வெயில் பட்டால் அடியிலிருக்கும் "குடியேறி" மங்கலாகத் தெரிந்தது. அதையும் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டார். பழைய படத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஆலோசகர் அம்மாளுக்கு நடந்ததை எழுதியிருந்தேன். எதையும் மறைக்காதே, கேட்டால் உள்ளதைச் சொல் என்று பதில் வந்திருந்தது. என் பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பேனரும் இருந்தன. ஒன்றில் குடியேறிவிட்டேன், இன்னொன்றில் திரும்பி வருகிறேன்.

விழாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் மஞ்சள் துண்டைத்தான் படித்தார்கள். "எப்ப வர?", "இங்க இன்னா வேலைக்குப் போவ?" என்று கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "படிப்பு முடிஞ்சதும் வந்துடுவா." எழுந்து நடக்கவே சிரமப்பட்டவள், ஒவ்வொருத்தருக்கும் சலிக்காமல் சொன்னாள். அதிகாரிக்காக ஒட்டிய வரியை அம்மா தனக்காக எடுத்துக்கொண்டுவிட்டாள்.

சென்னைக்கு அப்பாவும் வந்தார். அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குள் அவரை விடமாட்டார்கள். எதிர்ச்சாரியில் மரத்தடியில் நின்றார். வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தேன். துண்டு தோளில் இல்லை, மேல் பொத்தான் போட்டிருந்தது. அந்த மே மாத வெயிலில்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். என்ன படிக்கிறாய், யார் செலவு செய்கிறார்கள், மதிப்பெண் எப்படி என்றெல்லாம் கேட்டார். பேனர் வரும், இப்போது வரும் என்று காத்திருந்தேன். கடைசியாக, படிப்பு முடிந்ததும் என்ன செய்யப் போகிறாய் என்றார்.

"ஊருக்குத் திரும்பிப் போவேன்" என்றேன். எங்கள் மலை மண்ணைப் பற்றியும் மரவள்ளி போட்டுப் போட்டு அது இளைத்துப் போனதைப் பற்றியும் சொன்னேன். எனக்கே ஆச்சரியம், குரல் பிசிறவே இல்லை.

அவர் ஏதோ தட்டினார். விசா கிடைத்துவிட்டது என்றார், பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டார். பேனரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒருவேளை பார்க்கவே இல்லையோ என்னவோ. வெளியே வந்து தலையாட்டியதும் அப்பா பொத்தானைக் கழற்றிவிட்டு, டீ குடிக்கலாமா என்றார்.

கிளம்பும் நாள் காலையில் அம்மா எனக்குத் தலை வாரிவிட்டாள். பின்னலை மூன்றாகப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த ஆபீசரு திரும்பி வருவியான்னு கேட்டாராமே, அப்பா சொன்னாரு. நீ இன்னா சொன்ன?"

"வந்துடுவேன்னு சொன்னேம்மா."

"நம்பிட்டாரா?"

"நம்பித்தானே விசா குடுத்திருக்காரு."

அம்மா பின்னலை முடித்து ரப்பர் பேண்டு போட்டாள். "அப்ப சரி. அவரு தெனம் எத்தினி பேரப் பாக்குறாரு. பொய்யா இருந்தா கண்டுபுடிச்சிருப்பாரு."

இப்போது எனக்குக் கடைசிப் பருவம். படிப்பு முடிந்த பிறகு, படித்த துறையிலேயே ஒரு வருடம் வேலை பார்க்க மாணவர் விசாவிலேயே வழி இருக்கிறது. உரிய காலத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அனுமதி வந்த பிறகே வேலையில் சேர வேண்டும், வேலையில்லாமல் அதிக நாள் சும்மா இருக்கக்கூடாது. ஆலோசகர் அம்மாள் எல்லாவற்றையும் சரிபார்த்து, எங்கும் பிசகில்லை என்றார். போன வாரம் விண்ணப்பித்துவிட்டேன். ஒரு வருடம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதற்கு மேலும் நீட்டிக்க முடியும் என்பது எனக்குத் தெரியும். அம்மாவுக்கு எதுவும் தெரியாது.

விழா முடிந்ததும் மாமா அந்தப் பேனரை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார். எங்கள் ஆட்டுக்கொட்டகைக்கு அதுதான் இப்போது கூரை. சிக்னலுக்காக அம்மா அங்கே வந்து நின்றுதான் வீடியோவில் கூப்பிடுகிறாள். அவள் தலைக்கு மேலே மஞ்சள் துண்டு தெரிகிறது. மழையில் ஓரம் பிரிந்திருந்தது, அம்மா சாக்கு ஊசியால் தைத்துவைத்திருக்கிறாள்.

விதிப்படி என்மேல் ஒரு குற்றமும் கிடையாது. எந்த அதிகாரியும் இனி என்னைக் கேட்கப்போவதில்லை. ஆனாலும் அம்மாவின் அழைப்பு வரும்போது, எடுப்பதற்கு முன் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்கிறேன்.