தறி நின்றும் விழிக்காத குழந்தை

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மார்கழி மாதம். பிரசவத்துக்காகச் சின்ன காஞ்சிபுரத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். மகள் பிறந்து முப்பத்தைந்து நாள் ஆகியிருந்தது. என் கணவருக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. வாரத்துக்கு ஒரு நாள் பஸ் பிடித்து வந்து குழந்தையின் கால் விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் வீட்டில் நானும் அம்மாவும் அண்ணனும்தான். அண்ணன் பட்டு நெய்பவன். எங்கள் வீட்டில் தறிக்கு ஒதுக்கியது போக மிச்சமிருக்கும் இடத்தில்தான் மனிதர்கள் குடியிருக்கிறோம்.

அந்த வருடப் பனி எனக்கு இருமலைக் கொண்டு வந்தது. ஒவ்வொரு இருமலுக்கும் பிரசவத்தில் ஆபரேஷன் செய்த இடம் பிரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கும். வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டுதான் இருமுவேன். அலமாரியில் பாதிக்கு மேல் மருந்தோடு ஒரு பாட்டில் இருந்தது. முந்தின மாதம் அண்ணன் இருமியபோது டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து வாங்கியது. அவன் இரண்டு நாள் குடித்தான், மூன்றாம் நாள் தறியில் உட்கார்ந்துவிட்டான். இருமல் மருந்துதானே, வீட்டில் ஒருவருக்குக் கேட்டது எனக்கும் கேட்காதா என்று நானே முடிவு செய்துகொண்டேன். டிகிரி படித்தவள் வேறு. அண்ணன் குடித்த அதே அளவு, மூடியில் ஊற்றி, வேளைக்கு ஒன்று.

இருமல் போன இடம் தெரியவில்லை. அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியாக வெயில் ஒரு கட்டமாக இறங்கும். காலையில் அது தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலின் மேல் இருக்கும், அப்புறம் நகர்ந்து நகர்ந்து என் பாய்க்கு வரும். அது வரும் வரை நான் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். தறிச் சத்தம் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல இருக்கும். அரக்குச் சிவப்பில் அண்ணன் நெய்துகொண்டிருந்த புடவை மூச்சு விடுவதாக ஒரு தரம் தோன்றியது. அதைக்கூட நான் ஆச்சரியமாக நினைக்கவில்லை. கவலை என்று ஒன்று உலகத்தில் இருப்பதே மறந்துபோயிருந்தது. பிள்ளை பெற்ற சுகம் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

குழந்தையும் என் பக்கத்தில் தூங்கினாள். தூங்கினாள் என்றால் அப்படி ஒரு தூக்கம். பாலுக்குக்கூட நாங்கள்தான் எழுப்ப வேண்டியிருந்தது. நாலு வாய் குடித்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வாள். அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"நம்ம வூட்டுப் பொண்ணுமா. தறி சத்தம்தான் அதுக்குத் தாலாட்டு" என்றான்.

அம்மாவும் அதையே சொன்னாள். "சின்னதுல நீங்க ரெண்டு பேரும் இப்டித்தான் தூங்கிக்கினு கெடப்பீங்க. அமாவாசைக்குத் தறி நின்னா போதும், முழிச்சிக்கினு ஊரைக் கூட்டுவீங்க. இதுவும் பாரு, அன்னிக்கு ஆரம்பிக்கப் போவுது."

எங்கள் தெருவில் அமாவாசை அன்று யாரும் தறியில் உட்கார மாட்டார்கள். நெசவுக்காரர் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அந்த ஒரு நாள் திண்டாட்டம்தான் என்பது அம்மாவின் அனுபவம். ஆகவே நான் மருந்து குடிக்க ஆரம்பித்த ஐந்தாம் நாள் அமாவாசை வந்தபோது, அம்மா காலையிலேயே வேலைகளை முடித்துவிட்டுக் கச்சேரிக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டான். தெரு முழுக்கச் சத்தம் இல்லை.

எட்டு மணி ஆனது. ஒன்பது ஆனது. குழந்தை எழவில்லை.

அம்மா அவளைத் தூக்கினாள். கை துவண்டு தொங்கியது. ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தும் உதடு மட்டும் லேசாக அசைந்தது. மூச்சு ஒன்று வந்தது. அடுத்தது வருவதற்குள் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அந்த முகம் இன்றும் எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்திருக்க வேண்டிய பதற்றம் வரவில்லை என்பதும் நினைவிருக்கிறது.

கையில் கிடைத்த துண்டில் குழந்தையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து ஷேர் ஆட்டோவில் ஏறினோம். எதிர் சீட்டில் புர்கா அணிந்த ஒரு அம்மா மடியில் ஒயர் கூடையோடு உட்கார்ந்திருந்தார். ஆட்டோ கிளம்பியதும் என்னைத் தோளில் தட்டினார்.

"இன்னாமா, புள்ள இப்டிக் கெடக்குது, நீ தூங்கி வுழறியே?"

நான் தூங்கிக்கொண்டா இருந்தேன்? எனக்கே தெரியவில்லை.

"அதுவும் மயங்குது, நீயும் மயங்குற. நீ இன்னா சாப்ட்ட, அதச் சொல்லு மொதல்ல" என்றார்.

இருமல் மருந்து என்றேன். அவ்வளவுதான். அந்தப் பாட்டிலை எடுத்துவர ஆட்டோவைத் திருப்பச் சொன்னார். பின்னால் இருந்த இரண்டு பேர் ஆபீசுக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்தார்கள். "எறங்கிக்கோங்கப்பா, வேற வண்டி வரும். இந்தப் புள்ளைக்கு வேற உசுரு வராது" என்றார் நிதானமாக. டிரைவர் வண்டியை எங்கள் வீட்டுப் பக்கம் திருப்பினார். அம்மா வீட்டுக்குள் ஓடிப்போய்ப் பாட்டிலை எடுத்து வந்தாள். அந்த இரண்டு மூன்று நிமிடமும், அப்புறம் அரசு மருத்துவமனை வரைக்கும், அவர் குழந்தையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உள்ளங்காலை விரலால் சுண்டிக்கொண்டே வந்தார். சுண்டும்போதெல்லாம் அவள் ஒரு மூச்சு இழுத்தாள். எனக்கு ஜன்னல் பக்கம் கடைகள் மிதந்து போய்க்கொண்டிருந்தன.

அங்கே இருந்த டாக்டர் குழந்தையின் இமையைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கருவிழியின் நடுப்பகுதி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்ததாம். பாட்டிலை வாங்கிப் படித்தவர் என் கண்ணையும் அதே டார்ச்சால் பார்த்தார். அப்புறம் எல்லோரும் ஓடினார்கள். ஆக்சிஜன் வைத்தார்கள், மயக்கத்தை முறிக்கும் ஊசி போட்டார்கள். சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து வீறிட்டு ஓர் அழுகை வந்தது. அம்மா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் அப்போதுதான் முதல் முறையாக அழுதேன்.

மதியம் அந்த டாக்டர் என்னிடம் பொறுமையாகப் பேசினார். "நீங்க குடிக்கிற மருந்து குடிச்ச மாதிரியே உடம்புல இருக்காதும்மா. கல்லீரல் அதை உடைச்சு வேற பொருளா மாத்தும். இந்த மருந்துல ஒரு பங்கு மார்ஃபின்னு மயக்கத்தையும் தூக்கத்தையும் தர்ற பொருளா மாறும். உங்க அண்ணன் உடம்பு கொஞ்சமா மாத்தியிருக்கு. உங்க உடம்பு வேகமா, நிறைய மாத்திடுது போல. அது பால்ல எறங்கியிருக்கு. பச்சக் குழந்தை உடம்புக்கு அதை வெளியேத்துற பக்குவம் இன்னும் வரல."

"ஒரே அளவுதானே டாக்டர் குடிச்சேன்?" என்றேன்.

"ஒரே பாலு, ஒரே அளவு மோருதான். ஒரு வீட்டுல ரெண்டு மணி நேரத்துல உறையுது, ஒரு வீட்டுல விடிஞ்சாலும் உறையல. அப்படி வெச்சுக்கோங்க" என்றார். பரிசோதனை செய்யாமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனாலும் இனி எந்த டாக்டரிடம் போனாலும் இதை முதலில் சொல்லுங்கள் என்று சீட்டில் எழுதியும் கொடுத்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

டாக்டர் சொல்லும் வரை தாய்ப்பால் தரக்கூடாது என்றார்கள். மார்பு கட்டிக்கொண்டு வலித்தது. மருத்துவமனை வாஷ்பேசினில் நின்று பாலைப் பீய்ச்சிக் கொட்டினேன். பார்க்க வெள்ளையாக, எப்போதும் போலத்தான் இருந்தது. நான் என்ன குடித்தேன் என்பது எனக்குத் தெரியும். அதை என்னவாக மாற்றி என் பிள்ளைக்குக் கொடுத்தேன் என்பது எனக்குத் தெரியாமல் போனதே என்று விம்மி விம்மி அழுதேன். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட பிறகும் அங்கேயே நின்றேன்.

ஆட்டோவில் வந்த அந்த அம்மாவைத் தேடியபோது அவர் போய்விட்டிருந்தார். நன்றி சொல்லவில்லை, பெயர் கேட்கவில்லை. மயக்கத்தில் முகம்கூட மனதில் பதியவில்லை. உள்ளங்காலைச் சுண்டிய அந்த விரலில் மருதாணி பாதி அழிந்திருந்தது மட்டும் தெரிகிறது. அடுத்த சில வாரங்கள் அதே நேரத்துக்கு அதே வழியில் ஷேர் ஆட்டோவில் போய்ப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

மகளுக்கு இப்போது மூன்று வயது. வாயை மூடவே மாட்டாள். அண்ணன் அவளைக் கடன்காரி என்று செல்லமாகத் திட்டுவான், தறிச் சத்தத்தை விட இவள் சத்தம் பெரிது என்பான். நான் அவளை ஒருநாளும் சும்மா இரு என்று சொன்னதில்லை.

ஆனால் ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன். வாழ்க்கையில் நீ மிக நிம்மதியாக இருந்தது எப்போது என்று யாராவது கேட்டால், என் மனம் என்னைக் கேட்காமலே அந்த நான்கு நாட்களைத்தான் எடுத்து நீட்டுகிறது. என் குழந்தை என் பக்கத்தில் படுத்தபடியே கொஞ்சம் கொஞ்சமாக என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்த நாட்கள் அவை.