அறுந்த துண்டு விழவில்லை

இதை நம்பாதவர்கள் என் மாமாவைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். என் அக்காவைக் கட்டியவர். தச்சு வேலை. அவருக்கு 'மில்லிமீட்டர்' என்று பட்டப்பெயர். கதவுக்கு அளவெடுக்கக் கூப்பிட்டால், உங்கள் சுவர் எத்தனை கோணல் என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டு வருவார். எது நடந்தாலும் காதில் செருகிய பென்சிலை எடுத்து, நேரத்தைப் பலகையிலேயே குறித்துவிடுவார். கதை கட்டத் தெரியாத மனுஷன். அவர் குறித்து வைத்த நேரங்களைத்தான் இங்கே தருகிறேன். இருட்டில் எதையோ பார்த்து மிரண்டுவிட்டார் என்று சொல்லவும் வழியில்லை, எல்லாம் பட்டப்பகலில் நடந்தது.

மரம் அறுக்கும் மெஷின் ஒன்று நாலு வருஷமாக அவரிடம் இருந்தது. வேறொரு தச்சரிடம் பழையதாக வாங்கியது. இந்த வருஷம்தான் புதுசு வாங்கினார். "அந்தப் பழசைத் தலையைச் சுத்தி எறிங்க. இடத்தை அடைச்சுக்கிட்டு!" என்றாள் அக்கா. மாமா கேட்பாரா? கழற்றிய கதவு, ஜன்னல் பலகைகளுக்குள் ஆணி ஒளிந்திருக்கும். அதில் விட்டால் புது பிளேடின் பல் போய்விடும். "ஆணி மரத்துக்குப் பழசு இருக்கட்டும்" என்று அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

நீளப் பலகையை அறுக்கும்போது எதிர்முனையை ஒருவர் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அறுந்த துண்டு டொப்பென்று தரையில் விழும். பதினாறு வருஷமாக அந்த முனையைப் பிடிப்பவள் என் அக்காதான். அந்த வாரம் அவளுக்குத் தோள்பட்டை வலி, வீட்டில் இருந்தாள். பட்டறையில் மாமா மட்டும்.

செவ்வாய்க்கிழமை, பகல் 3:10. ஏழடிப் பலகை, நடுவில் ஆணி. பழைய மெஷினை இறக்கி அறுத்தார். உய்ய்ய்ங்... பிளேடு மறுபக்கம் வந்துவிட்டது. மெஷினை நிறுத்தினார்.

டொப் சத்தம் வரவில்லை.

அறுந்த துண்டு அந்தரத்தில் மட்டமாக நின்றது. கீழே முட்டுக் கிடையாது, மேலே கயிறு கிடையாது. மரச்சிம்பு ஏதாவது அறுபடாமல் பிடித்திருக்கும் என்று குனிந்து பார்த்தார். வெட்டுக்கு நடுவே வெளிச்சம் தெரிந்தது. பிறகு அந்தத் துண்டு மெதுவாக இறங்கி... சத்தமே இல்லாமல் தரையில் படுத்தது.

இன்னொரு பலகையை எடுத்துப் புது மெஷினால் அறுத்துப் பார்த்தார். டொப். பழையதால் அறுத்தார். சத்தம் இல்லை.

வியாழன், காலை 11:35. மறுபடியும் அதேதான். இந்த முறை துண்டை எடுத்துத் திருப்பினார். மேலெல்லாம் மரத்தூள். முனையில் மட்டும் இரண்டு இடம் சுத்தமாக இருந்தது. இரண்டு உள்ளங்கை. சின்னக் கைகள்.

மாமா பழைய மெஷினைத் தூக்கி மேல்தட்டில் வைத்துவிட்டார். அக்காவிடம் மூச்சுக்கூட விடவில்லை. சொன்னால் பயந்துவிடுவாள், பட்டறைப் பக்கமே வரமாட்டாள் என்று நினைத்திருக்கிறார். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அன்றைக்கே வாயைத் திறந்திருக்க வேண்டாமா?

அடுத்த வாரம் அக்கா வந்தாள். நாலு நாள் புது மெஷினில் வேலை ஓடியது. வெள்ளிக்கிழமை ஒரு பழைய கதவு வந்து சேர்ந்தது. உள்ளே முழுக்க ஆணி. அதுதான் இவள் கூட இருக்கிறாளே என்று துணிந்து பழையதை இறக்கினார்.

பகல் 12:20. அக்கா எதிர்முனையைப் பிடித்துக்கொண்டாள்.

உய்ய்ய்ங்... நங்!

பிளேடின் பல் உடைந்து தெறித்தது. அதே நொடியில் அக்கா இரண்டு எட்டு பக்கவாட்டில் போய் விழுந்தாள். அவள் நின்ற இடத்துக்குப் பின்னால் சாத்தியிருந்த பிளைவுட்டில், சரியாகக் கழுத்து உயரத்தில், அந்தப் பல் புதைந்திருந்தது.

"ஏங்க, இப்படியா கையைப் பிடிச்சு இழுக்கறது?"

மாமா ஐந்தடி தள்ளி நின்றிருந்தார். இரண்டு கையும் மெஷினில்.

அக்காவின் மணிக்கட்டில் நாலு விரல் தடம். சிவந்து...

12:45. மெஷினை விற்ற தச்சருக்குப் போன் போட்டார். விஷயத்தைச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் எதிர்ப்பக்கம் கேட்டது:

"புதுசு வாங்கிட்டீங்களா?"

"ஆமா."

"பழசையும் வச்சிருக்கீங்க... இல்ல?"

"ஆமாங்க."

"நானும் அப்படித்தான் வச்சிருந்தேன். என் மொத சம்சாரம் எதிர்ல பலகை பிடிச்சிருந்தா. அந்தப் பழசோட பல்லுதான் ஆணியில பட்டுத் தெறிச்சுது. கழுத்துல... அதோட போயிட்டா."

விற்கும்போது இதைச் சொல்ல அந்த ஆளுக்கு வாய் வரவில்லை பாருங்கள்!

மாமா நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்டார். "அப்ப, இன்னிக்கு என் சம்சாரத்தைக் காப்பாத்தினது... அவங்களா?"



"நானும் அப்படித்தான் நினைச்சேன். ரெண்டாவதா வந்தவளை மூணு தடவை இழுத்துக் காப்பாத்தினா. நாலாவது தடவை... இழுக்கலை."

போன் கட்டானது.

மாமா போனைக் கீழே வைத்தார். அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினார். "பயப்படாத. இப்பவே அதை உடைச்சுப் போட்டுடறேன். ஒரு தடவைதானே ஆச்சு..."

அக்கா மணிக்கட்டைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"மூணு."

"என்ன?"

"திங்கக்கிழமை ஒண்ணு. புதன்கிழமை ஒண்ணு. தோள்வலி வெட்டி இழுக்குதுன்னு நினைச்சேன்... உங்ககிட்ட சொல்லலை."

மாமா பழைய மெஷினைப் பார்த்தார்.

"அங்க பாக்காதீங்க" என்றாள் அக்கா. "அந்த ரெண்டு நாளும் உங்க கையில இருந்தது... புதுசு."