இரங்கல் பக்கத்தில் ஏறிய கொடி

அந்த மனிதரை நான் அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். வேறு எப்படிச் சொல்வதென்று இன்றைக்கும் தெரியவில்லை, அதனால் இங்கேயும் அண்ணா என்றே இருக்கட்டும். அந்த மரியாதைக்கு அவர் தகுதியானவரா என்பதை வாசிக்கிறவர்கள் முடிவு செய்துகொள்ளலாம். நான் எப்போதோ முடிவு செய்துவிட்டேன்.

யுத்தம் முடிவை நெருங்கிக்கொண்டிருந்த வருடங்கள். கண்டி டவுனில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஒஃபீஸ். இணையத்தளங்கள் செய்து கொடுக்கிற சின்ன இடம். முதலாளி சிங்களவர், நல்ல மனிதர், கொம்பியூட்டரைத் தொடவே பயப்படுவார். தமிழ் ஆட்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அண்ணா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், எனக்கு மேலே பொறுப்பாக இருந்தவர். நான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. டவுனில் படித்து, கட்டுகஸ்தோட்டையில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். அவரும் அங்கேதான், காலையில் ஒரே பஸ். பாலத்துக்குப் பக்கத்தில் இராணுவத்தினர் எல்லோரையும் இறக்கிச் சோதிக்கும்போது, அடையாள அட்டையில் பிறந்த ஊரைப் பார்த்ததும் அவரை மட்டும் ஓரமாக நிற்கச் சொல்வார்கள். அவருக்குச் சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும். நான் போய், எங்கள் ஒஃபீஸ் அண்ணன், எனக்குத் தெரிந்தவர் என்று சிங்களத்தில் நாலு வார்த்தை பேசி அழைத்துவருவேன்.

"நீர் இல்லாட்டி நான் இந்தப் பாலத்திலதான் குடியிருக்கோணும்" என்பார். சிரித்துக்கொண்டே பஸ் ஏறுவோம்.

அந்த வருடம் எங்களுக்கு மரண அறிவித்தல் தளமொன்று செய்யக் கிடைத்தது. கண்டிப் பக்கத்தில் யாராவது இறந்தால் படத்தோடு அறிவித்தல் போடலாம். தூர இடங்களில் இருக்கிற சொந்தக்காரர்கள் அதற்குக் கீழே ஒரு பெட்டியில் மூன்று மொழியிலும் இரங்கல் எழுதலாம். அந்தப் பெட்டியை நான்தான் செய்தேன்.

வெளியாள் வந்து எழுதட்டும் என்று ஒரு பெட்டியைத் திறந்துவைத்தால், அவர் எழுதியதை அப்படியே பக்கத்தில் காட்டக்கூடாது. எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி. அனுதாபம் எழுதுகிற இடத்தில் ஒருவன் கட்டளை வரிகளை எழுதிவைத்தால், பக்கத்தைத் திறக்கிறவருடைய பிரவுசருக்கு அது யார் எழுதியது என்று தெரியாது. தளமே சொல்கிறது என்று நம்பி, சொன்னதைச் செய்துவிடும். படத்தை மாற்றச் சொன்னால் மாற்றும். பார்க்கிறவரின் விபரங்களைத் திருடி வேறு இடத்துக்கு அனுப்பச் சொன்னால் அனுப்பும். கிராஸ் சைட் ஸ்கிரிப்டிங் என்று இதற்குப் பெயர். ஆகவே வந்ததை எல்லாம் கழுவி, கட்டளைக்குரிய குறிகளை வெறும் எழுத்தாக்கித்தான் பக்கத்தில் போடவேண்டும். நான் கழுவித்தான் போட்டேன்.

அதில்தான் வினை வந்தது. எங்கள் பக்கங்கள் ஆங்கில எழுத்துக்கென்று அமைந்தவை. தமிழோ சிங்களமோ தட்டினால், பிரவுசர் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு குறியும் சில இலக்கங்களுமாக மாற்றி அனுப்பும். என் கழுவல் அந்தக் குறியையும் சேர்த்துக் கழுவிவிட்டது. கனடாவிலிருந்து ஒரு அம்மா தன் அக்காவுக்கு எழுதிய இரங்கல், பக்கம் முழுக்க இலக்கமாக வந்து நின்றது. தளத்தைச் செய்யச் சொன்னவர் போனில் கத்தினார். எல்லாவற்றையும் யுனிகோட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும், ஒரு கிழமை அவகாசம் தாருங்கள் என்றேன் அண்ணாவிடம்.

"கிழமையே? நாளைக்குக் குடுக்கோணும் தங்கச்சி" என்றார் அண்ணா. "உந்தக் கழுவலைக் கழட்டிவிட்டா எல்லா எழுத்தும் வரும்."

"யாராச்சும் உள்ள ஸ்கிரிப்ட் எழுதிட்டா என்னண்ணா செய்வோம்?"

"செத்த வீட்டுக்கு வாறவனை வாசல்ல மறிச்சு ஆரும் சோதிக்கிறதே? அழ வாறவன் ஏன் கெடுதல் செய்யப்போறான்?"

மரண வீட்டில் நம் வழக்கம் அதுதான். முன்கதவு திறந்தே கிடக்கும், முகம் தெரியாதவர் வந்தாலும் யாரென்று கேட்கமாட்டோம். அந்த மனதோடு இணையத்தளம் செய்தால் உருப்படுமா? நான் செய்யமாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் என் கதிரையை ஓரமாக நகர்த்திவிட்டு, தன் கையாலேயே அந்த வரிகளை எடுத்தார். "ஏதும் நடந்தா நான் பொறுப்பு. நீர் பயப்படாதேயும்" என்றார். யுனிகோட் வேலையைப் பிறகு பார்ப்போம் என்றார். நான் கேட்கும்போதெல்லாம் வேறு ஒரு வேலையைத் தூக்கித் தந்தார்.

சில மாதங்கள் கழித்து, பிலிமத்தலாவைப் பக்கத்துச் சிங்களப் பையன் ஒருவன் வடக்கில் சண்டையில் இறந்தான். இராணுவ உடுப்பில் அவன் படம் தளத்தில் ஏறியது. சிங்களத்தில் இரங்கல்கள் குவிந்தன. ஒரு நாள் காலையில் அந்தப் பக்கத்தைத் திறந்தவர்களுக்குப் பையனின் முகம் இருந்த இடத்தில் ஒரு கொடி வந்தது. எந்தக் கொடி என்று சொல்லத் தேவையில்லை. அதன் பெயரைக் கண்டி பஸ்ஸில் தமிழர் யாரும் வாய்விட்டுச் சொல்லாத காலம் அது. கீழே அவன் தாயைப் பற்றி அசிங்கமாக ஒரு வரி. அந்தத் தாயும் அதைப் பார்த்திருக்கிறார்.

பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. எவனோ ஒருவன் பெட்டிக்குள் இரங்கலுக்குப் பதில் கட்டளை எழுதியிருக்கிறான். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் எழுதியிருக்கலாம். அவசரமாக அதை அழித்தேன், பையனின் முகம் திரும்ப வந்தது. அதற்குள் பையனின் மாமா மாடிப்படி ஏறி வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் சிவில் உடையில் இரண்டு பொலிஸ்காரர்கள். முதலாளி எழுந்து நின்றவர் நின்றபடியே இருந்தார். இந்தப் பக்கத்தைச் செய்தது யார் என்று பொலிஸ்காரரில் ஒருவர் சிங்களத்தில் கேட்டார்.

நான் அண்ணாவைப் பார்த்தேன். கழுவலை எடுத்தது நான்தான் என்று அவர் சொல்லவேண்டும் என்றுகூட நினைக்கவில்லை. இது வெளியாள் செய்த வேலை, தளத்தில் ஓட்டை இருந்தது என்று பொதுவாகச் சொன்னால் போதும். அவர் வாயைத் திறந்தார். ஒரு தடுமாற்றமும் இல்லாத சிங்களம் வந்தது.

"ஏக களே அபே நங்கி."

அதைச் செய்தது எங்கள் தங்கச்சி. சொல்லிவிட்டுத் தன் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார், பாவி.

பொலிஸில் திருப்பித் திருப்பி ஒரே கேள்வி. கொடியை ஏன் அவசரமாக அழித்தாய்? இப்படி எழுத முடியும் என்று உனக்கு முன்பே தெரியுமா? தெரியும் என்றேன். தெரிந்தும் ஏன் விட்டுவைத்தாய்? அவர் பெயர் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஆனால் யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆண்பிள்ளை. அப்படி உள்ளே போனவர்களில் வீடு திரும்பாதவர்களை எனக்குத் தெரியும். தமிழ் எழுத்துச் சரியாக வரவேண்டும் என்பதற்காக என்று சொன்னேன். கேட்டவர் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் காதில் அது தமிழுக்காகச் செய்தேன் என்றுதான் விழுந்திருக்கும். நான் சொன்னது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அப்போதுதான் உறைத்தது.

அப்பா தோட்டத்துத் தொழிற்சங்கத்துக்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்த பிறகு, மறுநாள்தான் என்னை வெளியே விட்டார்கள். அதற்குப் பிறகு கிழமைக்கு ஒருமுறை பொலிஸுக்குப் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். முதலாளி இனி வரவேண்டாம் மகள் என்றார். அறை தந்த வீட்டுக்காரம்மா என் பெட்டியை அவரே கட்டிவைத்திருந்தார். டவுனில் எனக்கு வேலை கொடுக்க ஒருவரும் தயாராக இல்லை.

தோட்டத்திலிருந்து கையெழுத்துப் போட வந்த ஒரு நாள், பஸ் ஸ்டாண்டில் அண்ணா என் முன்னால் வந்து நின்றார். மெலிந்திருந்தார். ஷேவ் செய்திருக்கவில்லை.

"தங்கச்சி, உம்மோட ஒண்டு கதைக்கோணும்."

"சொல்லுங்க."

"நான் எண்டு சொல்லியிருந்தா, என்னை வெளியில விட்டிருக்க மாட்டினம். உமக்கு அது தெரியும். உம்மை விட்டிடுவினம் எண்டு எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நீங்கள் தோட்டத்து ஆக்கள். உங்களைப் பெரிசா எடுக்க மாட்டினம்."

எனக்கு வந்ததே கோபம். செருப்பைக் கழற்றாதது என் நல்ல காலமோ அவருடைய நல்ல காலமோ தெரியாது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"முன்கூட்டியே என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நானே போய் நான்தான் செஞ்சேன்னு சொல்லியிருப்பேன். உள்ள இருந்த நேரம் பூரா உங்க பேர நான் சொல்லவே இல்ல. அது தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்" என்றார். "நீர் சொல்ல மாட்டீர் எண்டும் தெரியும்."

பயத்தில் உளறிவிட்டேன் என்று சொல்லியிருந்தால் என்றைக்காவது மன்னித்திருப்பேன். அவர் என் குணத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துத்தான் என்னைக் காட்டியிருக்கிறார். நான் தோட்டத்துப் பஸ்ஸில் ஏறினேன். அவர் ஜன்னல் பக்கமாக வந்து ஏதோ சொன்னார். நான் கண்ணாடியை இழுத்து மூடினேன்.